கிறவல் அள்ளிய காட்டு நிலத்தில் மறுபடி மரம் எழுப்புவது எப்படி

2009 இல் போர் முடிந்த பிறகு இலங்கையின் கிழக்கில் வீதிகள் வேகமாகப் போடப்பட்டன. அவற்றுக்கான கிறவலை (வீதிக்குப் போடும் சிவப்புச் சரளை மண்) பக்கத்து மேட்டுநிலக் காட்டைத் தோண்டித்தான் எடுத்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறைக் காட்டோரங்களிலும் எக்ஸ்கவேட்டர் இறங்கிப் போன இடங்கள் இன்றும் சிவப்புப் பள்ளங்களாகக் கிடக்கின்றன. அங்கே நடும் கன்று சாவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள்: டிப்பர் ஓடி இறுகிய மண், மார்கழியில் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர், பெரும்போகக் (மாரி நெற்செய்கை) காலத்தில் மேட்டுக்கு வரும் மாடு. எந்த இனத்தை நட்டோம் என்பது நாலாவதாகத்தான் வரும். கூட்டம் கூட்டினால் முதல் கேள்வி மட்டும் எப்போதும் "என்ன மரம் நடலாம்?" என்பதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உலக சுற்றாடல் தினம் யூன் 5. அந்த நாளில் கன்று நடுவது தென்மேல் மழை கிடைக்கும் ஈரவலயத்துக்குப் பொருந்தும். இங்கே அது வறண்ட கச்சான் காற்று வீசும் நேரம். அன்றைக்கு நட்டுப் படம் எடுத்த கன்று ஆடி மாதத்தைக் காணாது. யூனில் ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் விதை பொறுக்குங்கள்.

கீழே சொல்லும் முதலாண்டு வேலைகள் ஆனியில் தொடங்கி அடுத்த புரட்டாதி வரை போகின்றன. அளவுகள் ஒரு ஏக்கருக்கு.

முதலில் கடதாசி வேலை

இப்படிக் கிடக்கும் நிலங்களில் அநேகமானவை அரச காடு. வன இலாகாவின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் உள்ளே மண்வெட்டி வைத்தால், நல்ல காரியத்துக்கென்றாலும், வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். வட்டார வன அலுவலகத்துக்கு ஒரு கடிதமும், பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதியும் ஆனி மாதத்துக்குள் போய்ச் சேரட்டும். உரிமம் பெற்று அகழ்ந்த இடமானால், அந்த உரிமம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் கொடுத்தது. நிலத்தை மீளச் சீராக்குவது உரிமத்தோடு வரும் நிபந்தனை. அதற்குப் பிணைப்பணமும் வாங்குவார்கள். சரிவு குறைப்பதும் மேல்மண் பரப்புவதும் உரிமக்காரர் தன் இயந்திரத்தால் செய்ய வேண்டிய வேலை. ஊர்ச்சங்கத்தின் காசை அதில் கொட்ட வேண்டாம். இயந்திரம் இடத்தை விட்டுப் போவதற்கு முன் பேசினால்தான் இது நடக்கும்.

நிலத்தைப் பார்ப்பது

ஒரே கிடங்குக்குள்ளேயே மூன்று விதமான நிலம் இருக்கும். மூன்றுக்கும் ஒரே வேலை செய்தால் பணம் வீண்.

ஓரங்களில் மரத்தை வெட்டியிருப்பார்கள். வேரைக் கிளப்பியிருக்க மாட்டார்கள். அங்கே எதையும் நட வேண்டாம். நம் உலர்வலய மரங்களில் பல அடிக்கட்டையிலிருந்து தாமாகவே தளிர்விடும். ஒரு கட்டையில் பத்துப் பதினைந்து தளிர் வந்தால், மண்ணுக்குக் கிட்ட முளைத்த, நேரான இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கூரான கத்தியால் அறுத்து விடுங்கள். பழைய வேர் முழுவதும் அந்த இரண்டு தளிருக்கும் வேலை செய்யும். நாற்றுமேடைக் கன்று எதுவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இந்த நிலத்துக்கு வேண்டியதெல்லாம் மாடு வராமல் வேலி, தீ வராமல் காவல்.

இரண்டாவது, மேல்மண்ணைத் தள்ளிக் குவித்திருக்கும் விளிம்பு. அந்தக் குவியல்தான் அந்த இடத்தின் சொத்து. எத்தனை குவியல், எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறேழு அடிக்கு மேல் உயர்ந்த குவியலின் நடுவில் காற்றுப் போகாது. உள்ளே இருக்கும் விதையும் வேர்ப்பூஞ்சையும் செத்துப்போகும். வெட்டிப் பார்த்தால் நடுமண் சாம்பல் நிறமாக, புளித்த வாடையோடு இருக்கும். அதை அடியில் போட்டு, வெளிப்பக்கத்து உயிருள்ள மண்ணை மேலே போட வேண்டும்.

மூன்றாவது கிடங்கின் தளம். இங்கே இரண்டு சோதனை போதும். ஒரு நல்ல மழைக்கு மறுநாள், அலவாங்கை (கடப்பாரை) இடுப்பளவு உயரத்திலிருந்து நேராக விடுங்கள். இரண்டு அங்குலம் கூட இறங்காவிட்டால் மண் இறுகிவிட்டது. வேரும் அதற்குள் இறங்காது. அடுத்து, ஓரடி ஆழக் குழி வெட்டித் தண்ணீரால் நிரப்பி, மறுநாள் காலை வந்து பாருங்கள். தண்ணீர் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பள்ளத்தில் நடக்கூடாது, மேடு கட்டித்தான் நட வேண்டும்.

மண் வேலை: ஆடியும் ஆவணியும்

கிடங்கின் செங்குத்துச் சுவரை அப்படியே விட்டால் மாரியில் இடிந்து விழும். மாடும் பிள்ளைகளும் விழும் ஆபத்தும் உண்டு. ஓரடி உயரத்துக்கு மூன்றடி நீளம் என்ற கணக்கில் சரிக்க வேண்டும். பத்தடிச் சுவரானால் முப்பதடி நீளம் வேண்டும். அந்தளவு இடம் இல்லையென்றால் இரண்டடிக்கு வரலாம். அதற்கும் செங்குத்தாக விட்டால் புல்கூடப் பிடிக்காது. மேலேயிருக்கும் நல்ல காட்டை வெட்டித்தான் சரிக்க முடியும் என்ற நிலை வந்தால், வெட்டாமல் கீழிருந்து மண் போட்டு நிரப்புங்கள்.

தளத்தை உடைப்பதற்கு டோசரின் பின்னால் பூட்டும் ரிப்பர் பல் நல்லது. இல்லாவிட்டால் எக்ஸ்கவேட்டர் வாளியின் பல்லால் கிளறலாம். ஆழம் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி. கோட்டுக்குக் கோடு நாலடி. சரிவில் கோடு சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறினால் ஒவ்வொரு கீறலும் ஒரு ஓடையாகிவிடும். மட்டம் பிடிக்க மேசன்மாரின் தண்ணீர் மட்டக்குழாய் போதும்.

இந்த வேலை நிலம் காய்ந்திருக்கும்போதுதான் நடக்க வேண்டும். காய்ந்த மண் பல் பட்டவுடன் வெடித்துப் பிளக்கும். ஈர மண் களிபோல வழுக்கி, பல் போன தடத்தின் இரண்டு பக்கமும் பூசினாற்போல இறுகிவிடும். மழை வந்த பிறகு இயந்திரம் கிடைத்தால், அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கிளறிய பிறகு டிப்பரோ ட்ராக்டரோ மேலே ஏறக்கூடாது. ஆகவே மண் கொட்டும் வரிசையை முன்கூட்டியே திட்டமிட்டு, உள்ளிருந்து வெளியே வந்தபடி வேலையை முடிக்க வேண்டும்.

மேல்மண் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு ஏக்கருக்கு நாலங்குலம் கனத்தில் பரப்ப சுமார் 145 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) மண் வேண்டும். மூன்று கியூப் டிப்பரில் கிட்டத்தட்ட 48 லோட். குவியலில் அவ்வளவு இருப்பது அபூர்வம். இல்லாத மண்ணுக்காக இன்னொரு காட்டின் மேல்மண்ணைச் சுரண்டுவது ஒரு கிடங்கை மூட இன்னொன்றைத் திறப்பதுதான். யார் கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளதைத் தளம் முழுக்க மெல்லிசாகத் தூவவும் வேண்டாம், முதல் மழையே அள்ளிக்கொண்டு போய்விடும். பதினைந்தடி விட்டமுள்ள திட்டுகளாக, ஓரடி கனத்துக்குப் போடுங்கள். ஏக்கருக்கு எட்டுத் திட்டுப் போட சுமார் 14 கியூப் போதும். முதல் மூன்று ஆண்டு பச்சை அந்தத் திட்டுகளில்தான் தெரியும். பிறகு அது சுற்றிலும் பரவும்.

பட்டி அடைப்பது

பெரும்போகத்துக்காக வயலிலிருந்து மாடுகளை மேட்டுக்கு ஓட்டும் காலம் புரட்டாதி, ஐப்பசி. அதற்குச் சற்று முன், மண்ணைக் கிளறுவதற்கும் முன், ஒரு பட்டிக்காரரோடு (மாட்டு மந்தை வைத்திருப்பவர்) பேசி நிலத்தில் இரவுப்பட்டி அடைக்கச் சொல்லுங்கள். நூறு மாடு ஒரு இரவு படுத்தால் சுமார் நானூறு கிலோ சாணமும் அதற்கேற்ற சிறுநீரும் இலவசமாக விழும். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை பட்டியை நகர்த்த வேண்டும். குளம்பு மிதித்து இறுகும் மண்ணைப் பிறகு ரிப்பர் உடைத்துவிடும். அதனால்தான் முதலில் பட்டி, பிறகு ரிப்பர்.

எரு மட்டுமல்ல லாபம். ஐப்பசிக்குப் பிறகு வேலியோரமாக மாடு ஓட்டப்போகும் மனிதர் அவர்தான். நிலத்தை யார் எதற்கு அடைக்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்த பட்டிக்காரர் வேலிக் கம்பியை வெட்ட மாட்டார். மாட்டுக்குப் போக வர ஒரு வழியும், தண்ணீர் குடிக்கக் கிடங்கின் ஒரு மூலையும் விட்டுவைக்க வேண்டும். மேய்ச்சல் தரைப் பிரச்சினை இந்த மாவட்டங்களில் ஏற்கெனவே புண்ணாக இருக்கிறது. மேய்ச்சலுக்கு வழி விடாத எந்த வேலியும் இரண்டு மாதம் நிற்காது.

ஒரு எச்சரிக்கை: இப்பில்இப்பில் (மற்றதை வளரவிடாமல் பரவும் மரம்) காய் தின்ற மாட்டின் சாணத்தோடு அந்த விதையும் வரும். பட்டி எங்கே மேய்ந்துவிட்டு வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

மட்டக்களப்பு மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதே கன்றுக்கு மார்கழியில் தண்ணீர் கூடிப்போகும், ஆனியில் துளியும் இருக்காது. இரண்டுக்கும் சேர்த்து மண் வேலை செய்ய வேண்டும்.

சரிவில் ஒவ்வொரு குழிக்கும் கீழ்ப்பக்கமாகப் பிறை வடிவ வரப்பு: அகலம் ஐந்தடி, உயரம் முக்கால் அடி, வாய் மேட்டைப் பார்த்து. தளத்தில் நேர்மாறு. ஒன்றேகால் அடி உயரம், நாலடி அகலத்தில் நீள மேடு கட்டி, மேட்டுக்கு நடுவே வாய்க்கால் விட்டு, கடைசிப் பள்ளத்துக்குத் தண்ணீரை இறக்குங்கள். அந்தக் கடைசிப் பள்ளத்தை மூட வேண்டாம். கோடையில் ஊற்றும் தண்ணீர் அங்கேயிருந்துதான் வரவேண்டும், யானையும் குடிக்கும்.

ஓடை அரித்த இடங்களில் தடுப்புக்கு யூரியாப் பையில் மண் நிரப்பி அடுக்குவது வழக்கம். ஒரு கோடை வெயிலில் பை பொடிந்து மண் கொட்டிவிடும். பதிலாக, மணிக்கட்டு மொத்தமுள்ள சீமைக்கிளுவைத் தடிகளை (கிளிசரிடியா என்றால் எல்லோருக்கும் தெரியும்) அரையடி இடைவெளியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு அடித்து, பின்னால் கிளைகளைப் பின்னிவிடுங்கள். கார்த்திகையில் அடித்த தடி தையில் துளிர்க்கும். தடுப்பின் நடு, ஓரத்தைவிட அரையடி தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விடும். தடுப்பு உடைவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

விதையும் நாற்றும்

ஏக்கருக்கு பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் கிட்டத்தட்ட 450 கன்று. இதில் பாதி வேகமாக எழும்பி நிழல் கொடுக்கும் இனம்: வாகை, ஆத்தி, கொன்றை, புங்கை, இலந்தை, இடையிடையே ஆவரையும் காரையும். மூன்றிலொரு பங்கு நாவல், இலுப்பை, புளி, தேத்தா போன்றவை. மிச்சம்தான் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சிங்களவர் ஹல்மில்ல என்னும் சமண்டலை. காட்டின் முகம் இந்தக் கடைசிக் கூட்டம்தான். ஆனால் வெட்டவெளிக் கிறவலில் முதல் ஆண்டே நட்டால் காய்ந்துபோகும். இரண்டாம், மூன்றாம் மாரியில், வாகை நிழல் விழுந்த பிறகு கொண்டுபோய் நடுங்கள். தண்ணீர் தேங்கும் ஓரத்துக்கு மருது, நாவல், புங்கை.

வேம்பைக் கன்றாக வாங்க வேண்டாம். பறவை தானாகவே கொண்டுவந்து போடும். தேக்கும் யூக்கலிப்டசும் வரிசையாக எழும்பிப் பச்சையாகத் தெரியும், ஆனால் கீழே வேறொன்றும் வராது. காய்ந்த தேக்கிலை கோடையில் தீக்கு நல்ல விறகு. இப்பில்இப்பிலை ஒருமுறை விட்டால் பிறகு அது மட்டும்தான் இருக்கும்.

விதையின் ஆயுள்தான் நாற்றுமேடையின் நாட்காட்டியைத் தீர்மானிக்கிறது. வேம்பு, நாவல், இலுப்பை விதைகள் காய வைத்தால் செத்துவிடும் அல்லது சில வாரத்தில் வீரியம் இழக்கும். பழம் விழுந்த கிழமையே சதையைக் கழுவி, நிழலில் ஈரம் வடிந்தவுடன் பையில் போட வேண்டும். ஆனி, ஆடியில் போட்ட நாவல் ஐப்பசிக்கு ஓரடி வந்துவிடும். வாகை, கொன்றை, ஆவரை விதைகளுக்குத் தோல் கல்லு மாதிரி. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, விதையின் அளவைப்போல ஐந்து மடங்கு ஊற்றி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் உப்பியவற்றை விதைக்கலாம். உப்பாததை மறுபடி சுடுதண்ணீரில் போடுங்கள். அடுப்பின் மேல் வைத்து அவித்தால் விதை வெந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் அவிப்பார். கொன்றைக்கு இதுவும் போதாமல் போகலாம். முனையல்லாத பக்கத்தில் அரத்தாளால் தேய்த்து உள்வெள்ளை தெரியும்வரை விடுவது நிச்சயமான வழி. சமண்டலை விதையில் அரிக்கும் சுணை உண்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாலைக்கு ஒருநாள் ஊறல் கொடுத்து, முளைக்க ஆறுதலாகக் காத்திருக்க வேண்டும். அதன் கன்று நடுவதற்கு ஒன்றரை ஆண்டாவது மேடையில் இருக்கும்.

பை ஆறங்குலம் அகலம், ஒன்பது அங்குலம் உயரம். மூன்று பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, கிடைத்தால் அரைப்பங்கு உமிக்கரி. இதோடு அதே இன மரத்தின் அடியிலிருந்து எடுத்த ஒரு பிடி மண் கலந்தால் வேர்ப்பூஞ்சை கூடவே வந்துவிடும். நடுவதற்கு ஒரு மாதம் முன் நிழல்வலையைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்குங்கள். நிழலில் கொழுகொழுவென்று வளர்ந்த கன்று பார்வைக்கு அழகு, வெயிலில் முதலில் வாடுவதும் அதுதான்.

சுற்றிலும் வேலிக்காக ஆறேழு அடி நீளத்தில் ஒதி, கிளுவை, சீமைக்கிளுவைத் தடிகளை வெட்டி, மூன்று நாள் நிழலில் போட்டுவிட்டு ஊன்றுங்கள். வெட்டிய அன்றே ஈரத்தில் ஊன்றினால் அடி அழுகுவதுண்டு.

நடுவது

முதல் மழைக்கு நடக்கூடாது. ஐப்பசியின் முதல் மழை மேல்மண்ணை நனைத்துவிட்டுப் பத்து நாள் வெயில் எறிக்கும். ஓரடி ஆழம் தோண்டிப் பார்த்து, அடிமண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும்வரை பொறுங்கள். வழக்கமாக அது ஐப்பசிக் கடைசியில் வரும். அதிலிருந்து கார்த்திகை முடிவுக்குள் நட்டு முடிக்க வேண்டும். மார்கழி நடுவில் நட்டால், மழை விடுவதற்குள் வேர் ஆழம் போகாது.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. கிளறாத இறுகிய தளமானால் இரண்டடி. அலவாங்கால் சுவரைக் கொத்திக் கரடுமுரடாக்குங்கள். வழுவழுப்பான சுவரில் வேர் முட்டி, குழிக்குள்ளேயே வட்டமிடும். ஐந்து கிலோ மக்கிய எருவை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் கறையான் கூடும், வேரும் வெந்துபோகும். யூரியா வேண்டவே வேண்டாம். அது கன்றை விடக் கினிப்புல்லைத்தான் வளர்க்கும்.

பையைக் கிழித்தவுடன் அடியைத் திருப்பிப் பாருங்கள். நாலு மாதத்துக்கு மேல் பையிலிருந்த கன்றின் ஆணிவேர், அடியில் வெள்ளைக் கயிறு சுருட்டினாற்போல் இரண்டு மூன்று வட்டம் போட்டிருக்கும். அப்படியே நட்டால் இரண்டு ஆண்டு நன்றாக நின்று, மூன்றாவது கச்சானில் அடியோடு சாயும். கூரான பிளேட்டால் அடியில் அரை அங்குலத்தைச் சீவி, பக்கத்தில் சுற்றியிருக்கும் வேரை மேலிருந்து கீழாக இரண்டு இடத்தில் கீறிவிட்டு நடுங்கள். பை மண்ணின் மேல்மட்டம் நிலமட்டத்துக்கு ஒரு விரல் தாழ இருக்கட்டும். தண்டைப் புதைத்தால் கழுத்து அழுகும். வெறும் பைகளை எண்ணி வாங்குங்கள். 450 கன்று போனால் 450 பை திரும்ப வர வேண்டும்.

கன்றைச் சுற்றி மூடாக்குக்கு வைக்கல் போடுவதுதான் எல்லோரும் செய்வது. கிறவல் நிலத்தில் அது கறையானுக்கு விருந்து, கோடையில் தீக்குத் திரி. கிடங்கிலேயே தேங்காய் அளவுக் கற்கள் கிடக்கும். ஒவ்வொரு கன்றுக்கும் இருபது முப்பது கல்லை, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, நெருக்கமாக அடுக்குங்கள். ஈரம் தங்கும், புல் முளைக்காது, தீயும் கிட்ட வராது.

வெற்றிடத்துக்கு மூடுபயிர்

கன்றுக்கு நடுவே உள்ள வெறும் மண்ணை விட்டால் மழை அறுக்கும், அல்லது கினிப்புல் பிடிக்கும். நடுகைக்கு ஒரு கிழமை முன், ஆறு கிலோ சணல் விதையும் ஆறு கிலோ கௌபியும் கலந்து தூவி, முள்ளுக் கிளையை இழுத்து மூடிவிடுங்கள். காவிளாய் விதை கிடைத்தால் அதையும் ஒரு கிலோ சேருங்கள். அது மட்டும்தான் கோடையிலும் நிற்கும். சணல் பூக்கத் தொடங்கும்போது, அதாவது ஆறேழு கிழமையில், அடியோடு அறுத்து அங்கேயே படுக்கப் போடுங்கள். காய் பிடிக்க விட்டால் தண்டு விறகாகி மக்காது.

இலுக்குப் புல் முளைத்த இடத்தில் அதை வெட்ட வேண்டாம். வெட்ட வெட்டக் கிழங்குவேரிலிருந்து இன்னும் அடர்த்தியாக வரும். நாலடிப் பலகையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, பலகையை மிதித்துப் புல்லை ஒரே திசையில் சாய்த்துவிடுங்கள். மடிந்த தண்டு உயிரோடு கிடந்து, கீழே புதுத்தளிரை எழும்ப விடாது. இடையில் தானாக முளைத்த காட்டுக்கன்று இருந்தால், முதலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சீலைக் கம்பு நட்டுவிடுங்கள். மிதிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறையோடு வேரோடு பிடுங்க வேண்டும்.

திட்டுகளின் நடுவில் பத்தடிக் காய்ந்த கிளைகளை ஊன்றி வையுங்கள். கொண்டைக்குருவி வந்து குந்தும் இடமெல்லாம் அத்தி, இத்தி, சூரை விதை விழும். அடுத்த மாரியில் அந்தக் கிளையின் அடியில் குனிந்து பார்த்தால், நாம் நடாத நாலைந்து வகை முளைத்திருக்கும்.

மாடும் யானையும்

வேலிக்கு நாலு வரி முள்ளுக்கம்பி, எட்டடிக்கு ஒரு கால், நடுநடுவே உயிர்த்தடி. முழு நிலத்துக்கும் வேலி போடக் காசில்லையென்றால், மேல்மண் திட்டுகளை மட்டும் அடையுங்கள். அதுவும் இல்லையென்றால் கன்றுக்குக் கன்று சூரை முள், இலந்தை முள் வைத்து மூன்றடி உயர முள்ளடைப்பு. ஒரு மாரிக்கு இது தாங்கும்.

யானைக்கு எந்த வேலியும் பெரிதல்ல. காலைச் சாய்த்துவிட்டு நடந்துவிடும். செய்யக்கூடியது, அதன் பழைய வழித்தடத்தை அடைக்காமல் இருபதடியாவது திறந்து விடுவது. ஊர்ப்பக்க எல்லையில் விளாத்தி நட வேண்டாம். பழம் பழுத்தால் யானை ஊர்வரை வரும். காட்டுக்குள்பக்கம் நட்டால் அதே மரம் நல்லது.

எது தின்றது என்று கன்றைப் பார்த்தே சொல்லலாம். கத்தியால் சீவினாற்போல் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். நார் கிழிந்து தொங்கினால் மாடு அல்லது மான். இலை எல்லாம் இருந்தும் கன்று வாடினால், அடித்தண்டில் ஒட்டியிருக்கும் மண்பூச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பட்டையில்லாவிட்டால் கறையான். மார்கழியில் கீழிலை மஞ்சளாகி உதிர்ந்தால், ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து நாறினால் தண்ணீர் தேக்கம், உடனே வாய்க்கால் வெட்ட வேண்டும். உரம் போட்டு எதுவும் ஆகாது.

கோடை

மாசியில் மழை விட்டவுடன் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் மூன்றடி வட்டத்தில் புல்லைச் செதுக்குங்கள். சித்திரை மழைக்குப் பிறகு மறுபடி ஒருமுறை. வைகாசி தொடங்குமுன் நிலத்தைச் சுற்றிப் பதின்மூன்றடி அகலத்துக்குப் புல், சருகு எல்லாம் நீக்கித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். மேய்ச்சலுக்குப் புதுப்புல் எழும்பட்டும் என்று பழைய புல்லைக் கொளுத்துவது இங்கே வழக்கம், வேட்டைக்குப் போவோரும் வைப்பார்கள். கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் கினிப்புல்லில் பற்றிய தீயை வாளித் தண்ணீரால் அணைக்க முடியாது. பச்சை வேப்பங்குழையால் ஓரத்தை அடித்து, கோட்டை நோக்கி ஒதுக்குவதுதான் வழி.

தண்ணீர் ஊற்ற வசதியிருந்தால், வைகாசி நடுவிலிருந்து புரட்டாதி வரை பத்து நாளுக்கு ஒருமுறை கன்றுக்குப் பத்து லீற்றர். 450 கன்றுக்கு ஒரு சுற்றில் 4500 லீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு பவுசர் (தண்ணீர்த் தாங்கி லொறி). மொத்தம் பன்னிரண்டு பவுசர். தினமும் ஒரு லீற்றர் ஊற்றுவதைவிட இது மேல். கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் வேர் மேலேயே தங்கும், ஒருநாள் தவறினாலும் கன்று போய்விடும். பன்னிரண்டு பவுசருக்கு வழியில்லை என்றால் கன்றின் எண்ணிக்கையைக் குறைத்து, மேல்மண் திட்டுகளுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

ஆவணியில் பல கன்று குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று பிடுங்க வேண்டாம். நகத்தால் தண்டைக் கீறுங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்த ஆத்தியும் வாகையும் ஐப்பசி மழைக்கு அடியிலிருந்து தளிர்ப்பது சர்வசாதாரணம்.

எண்ணுவதும் நிரப்புவதும்

இரண்டு முறை எண்ணுங்கள்: தைக் கடைசியில் ஒருமுறை, புரட்டாதியில் ஒருமுறை. தையில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறைவாக நின்றால் பிழை வாய்க்காலிலோ வேலியிலோ இருக்கிறது. அதைத் திருத்தாமல் மறுபடி கன்று வாங்குவது வீண்செலவு. புரட்டாதியில் அறுபது நின்றால் கிறவல் நிலத்துக்கு அது நல்ல விளைச்சல். எந்த வரிசையில், எந்த மூலையில் செத்தது என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறித்தால், காரணம் பெரும்பாலும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் மாரியில் இடைவெளியை நிரப்பும்போது, செத்த இனத்தையே திரும்ப வைக்காமல் பக்கத்தில் நன்றாக நிற்கும் இனத்தை வையுங்கள். வாகை ஆளுயரம் வந்த இடங்களில் பாலை, வீரை, முதிரைக் கன்றுகளை அதன் கிழக்குப் பக்கமாக மூன்றடி தள்ளி நட்டால், பின்னேர வெயிலும் கச்சானும் நேரே அடிக்காது. மூன்றாம் ஆண்டிலிருந்து வேலிக் கிளிசரிடியாவை ஆண்டுக்கு இரண்டுமுறை இடுப்பளவுக்கு மேல் கவாத்துப் பண்ணி, குழையைக் கன்றடியில் போடுங்கள். விதை முற்ற விட்டால் அதுவும் உள்ளே பரவத் தொடங்கும்.